சக்கரப் பள்ளமும் சர்ப்பகந்தியும்

1

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு பள்ளம் இருக்கிறது. சக்கரப் பள்ளம் என்பார்கள். ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். மனம் பேதலித்தவர்கள், பேய் பிடித்தவர்கள் என்று ஊர் சொல்பவர்கள், மாதக்கணக்கில் தூக்கம் இல்லாதவர்கள் என எல்லோரையும் அதில் உட்காரவைத்து அம்மனைப் பார்க்கச் சொல்வார்கள். அவ்வளவுதான் வைத்தியம். போகும்போது கொஞ்சம் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை மடித்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

என் சித்தி அதில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1996. எனக்கு எட்டு வயது. சித்திக்கு இருபத்தாறு. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். அந்த ஆறு மாதமாக விசைத்தறிச் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு தறி. ராத்திரியும் நிற்காது. அவள் சொல்கிறாளே என்று நானும் சுவரில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் எனக்கும் என் பெயர் கேட்டது. பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை.

தாத்தா ஒரு மண்டலம் கூட்டிக்கொண்டு போனார். சித்தி உண்மையிலேயே கொஞ்சம் அமைதியானாள். அப்புறம் மழைக்காலத்தில் மறுபடி ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறியது, டாக்டர், மாத்திரை எல்லாம். அந்த மாத்திரைகள் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் என்னவென்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

2

கொரோனா காலத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். பகலில் ஆபீஸ் மீட்டிங், ராத்திரியில் தூக்கம் இல்லை. பொறியியல் படித்த யாருக்கும் என்பிடெல் தெரியும். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இணையப் பாடத் திட்டம். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி அதைப் பார்த்துப் பாஸ் ஆன தலைமுறை நாங்கள். அதில் மூளை பற்றி ஒரு பாடம் கண்ணில் பட்டது. நடத்துபவர் சென்னை ஐஐடியின் உயிரித்தொழில்நுட்பத் துறைப் பேராசிரியர் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ‘பாரதி’ என்றொரு எழுத்துமுறையை உருவாக்கியவர் என்ற அளவில் அவர் பெயர் எனக்கு ஏற்கெனவே தெரியும். மூளையை ஒரு கணக்கீட்டுப் பிரச்சினையாகப் பார்க்கும் ஆள். அதை ஒட்டி அவர் எழுதிய புத்தகம் 2019-இல் வந்திருக்கிறது.

‘மூளை ஒரு கம்ப்யூட்டர், மனசு அதில் ஓடும் சாஃப்ட்வேர்’ என்று நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம். சித்திக்கு வந்தது ஒரு பக். எங்கேயோ ஒரு வரி தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தால் போதும்.

அந்த உவமைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1943-இல் வாரன் மெக்கல்லக் என்ற மனநல மருத்துவரும், வால்டர் பிட்ஸ் என்ற இருபது வயது கணிதக்காரரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நரம்பணுவை ஒரு தர்க்க வாசலாகக் கருதலாம், அப்படிப்பட்ட வாசல்களைக் கோத்தால் எந்தத் தர்க்கத்தையும் செய்ய வைக்கலாம் என்பது அதன் சாரம். இன்று நாம் பேசும் நியூரல் நெட்வொர்க்கின் முப்பாட்டன் அது. 1956 கோடையில் டார்ட்மவுத்தில் செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர் சூட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் எம்ஐடியில் நடந்த ஒரு கருத்தரங்கில் உளவியல்காரர்கள், மொழியியல்காரர்கள், கணினிக்காரர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, தாங்கள் ஒரே யானையைத்தான் தடவிக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்தார்கள். அறிதிறன் அறிவியல் பிறந்த நாள் அதுதான் என்று ஜார்ஜ் மில்லர் பின்னால் சொன்னார். இந்தியாவில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு மையம் வந்தது 2002-இல்.

ஒரு துறை ஏன் போதாது என்பதற்கு எனக்குப் பிடித்த கதை கோல்ஜியும் கஹாலும். மூளைத் திசுவை வெள்ளி உப்பில் ஊறவைத்தால் ஏதோ சில அணுக்கள் மட்டும் கறுப்பாகி முழு உருவமும் தெரியும் என்று கண்டுபிடித்தவர் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. அதே சாயத்தை வைத்துக்கொண்டு, மூளை ஒரே தொடர்வலை இல்லை, தனித்தனி அணுக்கள் என்று காட்டியவர் ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ கஹால். கோல்ஜி கடைசிவரை வலைதான் என்றார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கோல்ஜி தன் பரிசு உரையிலேயே கஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். ஒரே கண்ணாடித் தகடு, ஒரே சாயம், இரண்டு பேருக்கு இரண்டு காட்சி! சிறுவயதில் ஓவியனாக ஆசைப்பட்ட கஹாலுக்குத்தான் சரியான காட்சி கிடைத்தது.

பாடம் போகப் போக என் சாஃப்ட்வேர் உவமை நொறுங்கியது. மூளையில் ஹார்டுவேர் தனி, சாஃப்ட்வேர் தனி என்று ஒரு கோடு கிடையாது. ஒன்றைக் கற்றுக்கொண்டால் நரம்புகளுக்கு இடையிலான இணைப்பே மாறுகிறது. நான் இந்த வரியை எழுதுவதற்கும் நீங்கள் வாசிப்பதற்கும் நடுவில் நம் இரண்டு பேர் தலைக்குள்ளும் பௌதிகமாக ஏதோ மாறியிருக்கிறது. ஓடும்போதே தன் சர்க்யூட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் எந்திரத்தில் ‘தப்பான வரி’ என்று எதைக் காட்டுவது?

இதை உலகத்துக்கு எளிமையாகக் காட்டியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை வெட்டப்பட்ட பிறகும், இல்லாத கையில் வலிக்கிறது என்பவர்களுக்கு 1990-களில் அவர் செய்த வைத்தியம் ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி. இருக்கிற கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கிற கையை அசைத்தால் இல்லாத கையும் அசைவதாக மூளை நம்பியது. சிலருக்கு வலி குறைந்தது. வலி கையில் இல்லை, கையைப் பற்றி மூளை வைத்திருக்கும் வரைபடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் சித்திக்குக் கேட்ட குரல்?

3

இப்போது பாம்புக்கு வருகிறேன்.

எங்கள் கோயிலின் கதையே பாம்பில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். ஒருவன் சிவபக்தன், ஒருவன் விஷ்ணுபக்தன். யார் சாமி பெரிய சாமி என்று சண்டை. இரண்டும் ஒன்றுதான் என்று காட்டச் சொல்லி அம்மன் தவம் இருக்கிறாள். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமாலாக ஒரே உடம்பில் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார். அதுதான் ஆடித்தபசு. புற்றுமண் இங்கே பிரசாதம் ஆனதும் அந்தப் பாம்புகளால்தான்.

மனநோய் மருந்தின் வரலாறும் ஒரு பாம்பு வேரில் தொடங்குகிறது என்பது, அந்தப் பாடத்தைத் தாண்டி நானாக வாசிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. சர்ப்பகந்தி. தாவரவியலில் ரவுல்ஃபியா செர்பென்டினா. வேர் பாம்பு மாதிரி நெளிந்திருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள், பாம்புக்கடிக்குக் கொடுத்ததால் என்றும் சொல்வார்கள். பீகார் பக்கம் இதன் நாட்டுப் பெயர் ‘பாகல் கி தவா’, பைத்தியத்துக்கு மருந்து. வெட்கமில்லாத, நேரடியான பெயர்.

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த வேரைப் பற்றி எழுதினார்கள்: பித்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு புதிய இந்திய மருந்து என்று. அதே காலத்தில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்குத் தன் ஆசான் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் தான் கண்ட பலனை பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதிய பிறகுதான் மேற்கு திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரின் வீரியத்தைத் தனியாகப் பிரித்தது. ரிசர்பின். 1954-இல் நியூயார்க்கில் நாதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்.

சரியாக அதே நேரத்தில் பாரிஸில் இன்னொரு கதை. 1952-இல் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கடுமையான மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிவைக்க வேண்டியிருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டே வருஷ இடைவெளியில் இரண்டு மருந்துகள். ஆனால் அவை ஏன் வேலை செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க உதவியதும் நம் பாம்பு வேர்தான். ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். முயல்கள் அசையாமல், காது தொங்க, கல் மாதிரி உட்கார்ந்துவிட்டன. மூளையின் சில வேதிப்பொருள்களை ரிசர்பின் வடித்துவிடுகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. கார்ல்சன் அந்த முயல்களுக்கு எல்-டோபா கொடுத்தார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடத் தொடங்கின. 1957. எல்-டோபா மூளைக்குள் டோபமைனாக மாறுகிறது. அதுவரை டோபமைனை வேறொரு பொருள் தயாராகும் வழியில் வரும் இடைச்சரக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அதுவே ஒரு தூதன் என்று காட்டியதற்காக கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் கிடைத்தது. முயல் உறைந்துபோனது பார்கின்சன் நோயாளி உறைவது போலவே இருக்கிறதே என்ற யோசனையில் பார்கின்சனுக்கு மருந்து வந்தது. நம் வேலியில் படரும் பூனைக்காலி விதையில் அதே எல்-டோபா இயற்கையாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்காக ‘எல்லாம் நம் முன்னோருக்கு முன்னாலேயே தெரியும்’ என்று யாரும் ஃபார்வர்டு போட வேண்டாம். வேரில் குணம் இருக்கிறது என்று தெரிந்தது இங்கே. அது மூளையில் என்ன செய்கிறது என்று தெரிய முயலும், ஆய்வகமும், கார்ல்சனும் வேண்டியிருந்தது. ஒன்று இல்லாமல் மற்றது நடந்திருக்காது.

1963-இல் கார்ல்சன் அடுத்த படியைச் சொன்னார். குளோர்ப்ரோமசினும், 1958-இல் பெல்ஜியத்தில் உருவான ஹாலோபெரிடாலும் டோபமைன் போய் உட்காரும் இடத்தை அடைக்கின்றன. அதனால் குரல்கள் அடங்கலாம். ஆனால் மூளையில் டோபமைன் ஓரிடத்தில் மட்டும் இல்லை. நடை, கை அசைவு, முகபாவம் இவற்றைச் சீராக்கும் பகுதிக்கும் அது வேண்டும். அங்கேயும் அடைத்தால்?

கை நடுங்கும். முகம் மரக்கும். நடை சுருங்கும்.

ராத்திரி ஒரு மணிக்கு இந்த வரியைப் படித்துவிட்டு நான் லேப்டாப்பை மூடினேன்.

4

திருநெல்வேலி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் வேலை என்னுடையது. 1998-இல் எனக்குப் பத்து வயது. சீட்டில் இரண்டு மாத்திரை இருக்கும். தறி ஓடாத மாதம் அது. தாத்தா எண்ணிக் காசு கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“மேல எழுதியிருக்கது மட்டும் வாங்கிட்டு வால. ரெண்டாவது சத்து மாத்திரையாத்தான் இருக்கும். அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்.”

நான் அதையேதான் கடைக்காரரிடம் சொன்னேன். அந்த மாதமும், அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும்.

சித்திக்குக் குரல்கள் குறைந்தன. ஆனால் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் காபி சிந்தும். கோலப்பொடி கோடாக விழாமல் புள்ளி புள்ளியாகச் சிதறும். கோலத்தில் தெருவிலேயே கைகாரி அவள். முகத்தில் சிரிப்பே வரவில்லை. “மருந்து உள்ள போய் அவளத் தின்னுட்டு” என்றாள் பக்கத்து வீட்டு ஆச்சி. தலையில் இருந்தது கைக்கு இறங்கிவிட்டது, அம்மன் குத்தம் என்று முடிவாயிற்று. மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது. நாலாவது மாதம் குரல்கள் திரும்பின. இந்த முறை அவை மோசமானவையாக இருந்தன. அதன் பிறகு ஒன்பது வருஷம் அந்த வீட்டின் பின்கட்டு அறைதான் அவள் உலகம். வேலைக்கு வந்த அழைப்புக் கடிதம் அந்த ஒன்பது வருஷத்தில்தான் வந்து காலாவதியானது.

பாடத்தில் அந்த வரியைப் படித்த மறுநாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிண்டினேன். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே அந்தச் சீட்டுகளில் ஒன்று இருந்தது. முதல் வரி ஹாலோபெரிடால். இரண்டாவது வரி டிரைஹெக்சிஃபெனிடில்.

அது சத்து மாத்திரை இல்லை. முதல் மாத்திரையால் வரும் நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை.

டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியும் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் காகிதம் இருபத்துமூன்று வருஷம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

5

மூளைக்கும் மனசுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மெட்ராஸின் வரலாறு முழுக்க இருக்கிறது.

1794-இல் வாலன்டைன் கனோலி என்ற கம்பெனி மருத்துவர் மெட்ராஸில் ஒரு பைத்தியக்கார விடுதியைத் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அன்று தொடங்கி ஓர் ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆனது. ‘இவன கீழ்ப்பாக்கத்துல சேருங்க’ என்று எத்தனை சினிமாக் காமெடி. சங்கரன்கோவிலில் இருந்த எனக்கு மெரினா தெரிவதற்கு முன்னால் கீழ்ப்பாக்கம் தெரியும். அந்தக் காலச் சட்டத்தின் பெயரே ‘லூனசி சட்டம்’. 1858-இல் வந்தது, 1912-இல் புதுப்பித்தார்கள். 1987-இல் மனநலச் சட்டம் வரும்வரை சுதந்திர இந்தியாவும் அதை வைத்துத்தான் ஓட்டியது.

இந்த வழியில் மனசு பூட்டிவைக்கப்பட்டது என்றால், இன்னொரு வழியில் மூளை திறக்கப்பட்டது. 1949-இல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அங்கேதான் டி.எஸ். கனகா போன்ற, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவர் உருவானார். பெருமைப்பட வேண்டிய வரலாறு. கூடவே சங்கடப்பட வேண்டிய பக்கமும் உண்டு. 1960-களில் இருந்து வி. பாலசுப்பிரமணியம், ராமமூர்த்தி, கனகா ஆகியோரின் குழு, அடக்க முடியாத மூர்க்கம் உள்ளவர்களின் மூளையில் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதியைத் துல்லியமாகச் சிதைக்கும் அறுவை சிகிச்சைகள் செய்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அமைதிப்படுத்தும் அறுவை’. 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை இப்படிப்பட்ட 600-க்கும் மேற்பட்ட அறுவைகளைப் பற்றிப் பேசுகிறது. பெரும்பாலோருக்கு முன்னேற்றம் என்கிறது.

இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கொடூரர்கள் என்று சொல்வது எளிது. வீட்டில் ஒருவரைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த குடும்பம், அதை அவிழ்க்க ஒரு வழி கேட்டு வந்திருக்கும். அவர்களிடம் இருந்த கருவியால் அவர்கள் பதில் சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கட்டுரைகளைப் படிக்கையில் ஒன்றைத் தேடினேன்: அந்த நோயாளிகளுக்கு வீடு திரும்பிய பிறகு என்ன ஆனது? அவர்கள் யார் மேல், எதற்காகக் கோபமாக இருந்தார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கத்தின் பொறுப்பை 1961-இல் ஏற்று நீண்ட காலம் நடத்தியவர். நோயாளி வெளியே போனபின் எங்கே போவார், என்ன வேலை செய்வார் என்று யோசித்து 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் இறந்தார். அதே சென்னையில் ஆர். தாராவும் சகாக்களும் மனச்சிதைவு முதன்முறை வந்த 90 பேரை 1981-இல் தொடங்கி இருபத்தைந்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மூளைக்குள் கருவியைச் செலுத்துவதைவிட இது கஷ்டம் என்று நினைக்கிறேன். ஒரு மனிதரின் வீட்டுக் கதவைக் கால் நூற்றாண்டு தட்டிக்கொண்டே இருப்பது. ஏழை நாடுகளில் கூட்டுக்குடும்பம் இருப்பதால் மனச்சிதைவு தானே நன்றாகக் குணமாகும் என்று உலக ஆய்வுகளை வைத்து ஒரு பேச்சு உண்டு. அது அத்தனை எளிய உண்மையில்லை என்று 2008-இல் கேள்வி எழுப்பிய ஆய்வாளர்களில் தாராவும் ஒருவர். எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையை வைத்துச் சொல்கிறேன், அந்தக் கேள்வி நியாயம்தான்.

6

அப்படியென்றால் சக்கரப் பள்ளம் பொய்யா? பொறியியல் படிக்கும் காலத்தில் என்னிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது அது அவ்வளவு சுலபமாக வரவில்லை.

சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்று சொல்லிப் பதினெட்டாகப் பகுக்கிறது. தொல்காப்பியம் உணர்ச்சிகளைப் பேசும் இயலுக்கே மெய்ப்பாட்டியல் என்றுதான் பெயர். மனசில் நடப்பது மெய்யில், அதாவது உடம்பில், தெரிவது. உணர்ச்சி முதலில் உடம்பில் நிகழ்கிறது, மனசு அதைப் பிறகு வாசிக்கிறது என்று 1884-இல் வில்லியம் ஜேம்ஸ் சொன்னதை வகுப்பில் கேட்டபோது எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. கோயில் வைத்தியமும் உடம்பில் இருந்துதான் தொடங்குகிறது. உட்கார், பார், குளி, சுற்று. திருச்சி பக்கத்துக் குணசீலத்தில் 48 நாள் தங்கவைத்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள்.

2002-இல் பெங்களூரு நிம்ஹான்ஸின் ரகுராமும் குழுவினரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தின் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை அளந்து பார்த்தார்கள். வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை. தங்கியது சராசரியாக ஆறு வாரம். மந்திரமோ மருந்தோ தனியாக எதுவும் இல்லை. கூட ஒரு உறவினர் இருந்தார், கோயிலில் சின்னச் சின்ன வேலை செய்தார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு, 31 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஒரு புரோகிராமராக இதை வைத்து நான் எதையும் ரிலீஸ் செய்ய மாட்டேன். ஆனாலும் பயமுறுத்தாத, ஆதரவான ஓர் இடமே மருந்தின் பாதி வேலையைச் செய்யலாம் என்பதைத் தள்ளிவிடவும் முடியாது.

தள்ளிவிட முடியாதது இன்னொன்றும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. பேப்பரில் வந்த படத்தைத் தாத்தா மடித்து ஒளித்துவைத்தார். அன்று ராத்திரி பின்கட்டுக் கதவின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாள் மாட்டப்படவே இல்லை.

ஏர்வாடிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாட்களில் அங்கே தர்காவுக்குள்ளேயே மருத்துவர்கள் வந்து உட்கார்ந்து, பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. எவ்வளவு அடிப்படையான ஒன்றைச் சட்டமாக எழுத வேண்டியிருந்தது!

இப்போது சென்னை ஐஐடியில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் உள்ள குழந்தையின் மூளையை 5,132 மென்துண்டுகளாகப் படம்பிடித்து ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஒவ்வொரு அணுவையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். நான் பார்த்தேன். கஹால் இருந்திருந்தால் அழுதிருப்பார். அந்த வரைபடம் என்றாவது சித்தி மாதிரி ஒருத்திக்கு ஏன் குரல் கேட்கிறது என்று சொல்லக்கூடும். ஆனால் இரண்டாவது மாத்திரை எதற்கு என்று பத்து வயதுப் பையனுக்குப் புரியும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது வரைபடத்தில் வராது.

7

2007-இல் அம்மா, தாத்தா இறந்த பிறகு, சித்தியை மறுபடியும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மருந்துகளும் மாறியிருந்தன, பக்கவிளைவு குறைந்தவை வந்திருந்தன. சித்தி மெதுவாகத் திரும்பி வந்தாள். நான் அப்போது கல்லூரியில். ரூம்மேட்டுகள் ஊருக்கு வருகிறேன் என்றால் ஏதாவது சாக்கு சொல்லித் தவிர்த்துவிடுவேன். அவளை வெளியில் காட்ட வெட்கம். தாத்தா தாழ்ப்பாளைக் கழற்றி ஆறு வருஷம் கழித்தும் நான் ஒன்றை மாட்டி வைத்திருந்தேன்.

பாடத்தின் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, சித்தி திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முயல், வேர், டோபமைன், சீட்டு, இரண்டாவது மாத்திரை. நான்தான் வாங்காமல் வந்தேன் என்பதையும்.

அவள் கை நிற்கவே இல்லை. நாலு பூ, ஒரு முடிச்சு.

“அப்ப கை நடுங்குனது அம்மன் குத்தம் இல்லியா?”

“இல்ல சித்தி.”

“ம். நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். இத்தன வருசமா.”

எனக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து நானே கேட்டேன், “அந்தப் பள்ளத்துல உக்காந்தியே, அப்ப எப்பிடி இருந்துச்சு?”

யோசித்தாள். “தர குளுகுளுன்னு இருந்துச்சு. அங்க யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. வீட்லன்னா எல்லாரும் கேட்டுக்கிட்டே இருப்பாவ. என்ன கேக்குது, யாரு பேசுதா, என்ன சொல்லுதான்னு. அங்க சும்மா உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீ அப்ப சின்னப் பிள்ளலா. தாத்தா சொன்னத வாங்கிட்டு வந்த. அதுக்கு இப்ப ஏம்யா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க?”

தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன். சான்றிதழ் பிடிஎஃப் எங்கோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறது. டிரங்குப் பெட்டியில் இருந்த மருந்துச் சீட்டைச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் டீச்சர் டிரெயினிங் சான்றிதழ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறாள்.